எச்டி வீடியோ எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப்? விமர்சனங்கள் மீது ஒரு விமர்சனம்

"வீடியோ எடிட்டிங்குக்கு நல்ல லேப்டாப் எது?" என்று இணையத்தில் தேடினால் வரும் கட்டுரைகளும் யூட்யூப் காணொளிகளும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் ஒரு கேமிங் லேப்டாப். அதில் 4 ஜிபியோ 6 ஜிபியோ கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை. அடுத்து "பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றினால்..." என்று ஒரு வரி. அந்தக் 'கொஞ்சம்' எப்போதும் முப்பதாயிரத்துக்குக் குறையாது. கடைசியில் ஒரு மேக்புக். கடந்த சில மாதங்களில் இப்படி நாற்பது ஐம்பது பதிவுகளைப் படித்தும் பார்த்தும் தீர்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றில்கூட, எழுதியவர் வாசகரைப் பார்த்து "உங்க கேமரா என்ன? அது எந்த வடிவத்தில் பதிவு செய்யுது?" என்று கேட்கவில்லை. அளவு எடுக்காமலே சட்டை தைத்துக் கொடுக்கிற டெய்லர் மாதிரி.

இதை நான் பொழுதுபோகாமல் ஆராயவில்லை. செய்யாறு பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளாகத் தெருக்கூத்துகளைப் பதிவு செய்து வருகிறார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் ஆட்டம். இரண்டு கேமராக்கள், ஒன்று மேடையை முழுதாகப் பார்த்தபடி, ஒன்று கையில். பதிவுகள் குவிந்துவிட்டன, வெட்டி ஒட்டத்தான் கருவி இல்லை. கையில் சீட்டு எடுத்த பணம் 55,000 ரூபாய். பக்கத்து ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், "சார், ஒண்ணே கால் லட்சத்துக்குக் கம்மியா எதை வாங்கினாலும் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார். இணையமும் அதையே சொன்னது. ஆகவே நண்பர் அடுத்த சீட்டு வரைக்கும் தள்ளிப் போடலாம் என்று இருந்தார். அதற்குள் பதிவுகளில் ஆடியிருக்கும் இரண்டு மூத்த கலைஞர்கள் இறந்துபோனார்கள். அவர்கள் ஆடியது முழுவதும் ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் கிடந்தது. ஒரே ஒரு டிஸ்கில்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நண்பரின் கேமராக்கள் பதிவு செய்வது முழு எச்டி, அதாவது 1920க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். வடிவம் எச்.264. வேகம் நொடிக்கு 24 மெகாபிட். இந்த எண்களை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படத்தை எதையும் சுருக்காமல் வைத்தால், வழக்கமான 8 பிட், 4:2:0 வண்ண முறையில், சுமார் 3.1 மெகாபைட். நொடிக்கு 25 என்றால் 78 மெகாபைட். பிட்டில் சொன்னால் 622 மெகாபிட். அதைத்தான் கேமரா 24 மெகாபிட்டாக நசுக்கி கார்டில் எழுதுகிறது, ஏறக்குறைய இருபத்தாறில் ஒரு பங்காக. எடிட் செய்யும்போது லேப்டாப் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த நசுக்கலைத் திரும்ப விரிப்பது. விளையாட்டில் இப்படி ஒரு வேலையே கிடையாது.

நசுக்கும் விதத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். மளிகைக் கடை பற்று வரவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி பாக்கி முழுதாக எழுதியிருக்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் வாங்கியதும் கொடுத்ததும் மட்டும்தான். 20ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால் அண்ணாச்சி ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எச்.264 கோப்பும் அப்படித்தான். பதினைந்து இருபது படங்களுக்கு ஒன்று மட்டும் முழுப்படம், இடையில் இருப்பவை எல்லாம் 'என்ன மாறியது' என்ற குறிப்புகள். சில குறிப்புகள் அடுத்து வரப்போகும் படத்தையும் பார்த்து எழுதப்பட்டவை. நேராக ஓடவிட்டால் கணக்கு தானாகக் கூடிக்கொண்டே போகும், சிரமம் தெரியாது. ஆனால் எடிட்டர் நேராகவா பார்க்கிறார்? முன்னே பின்னே இழுக்கிறார், ஒரு படம் பின்னால் போகிறார், நடுவில் எங்கோ குதிக்கிறார். ஒவ்வொரு குதிப்புக்கும் அண்ணாச்சி ஒன்றாம் தேதிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். டைம்லைன் திக்கித் திணறுவது இங்கேதான்.

இந்தக் கூட்டல் வேலைக்கென்றே பிராசஸருக்குள் தனியாக ஒரு சிறு சுற்று இருக்கிறது. இன்டெல் அதற்கு 'குவிக் சிங்க்' என்று பெயர் வைத்து 2011ஆம் ஆண்டு சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் கொண்டுவந்தது. அன்றிலிருந்து 8 பிட், 4:2:0, எச்.264 என்பது இந்தச் சுற்றுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்று கடையில் கிடைக்கும் எந்த லேப்டாப்பிலும், அது இன்டெலோ ஏஎம்டியோ, இது இருக்கிறது. அதாவது நண்பரின் கேமராக்கள் தரும் எச்டி பதிவு, வன்பொருள் அளவில் பத்தாண்டுக்கும் முன்பே தீர்ந்துபோன பிரச்சினை. இதற்கு ஒண்ணே கால் லட்சம் எதற்கு?

விமர்சகர்கள் தங்கள் சோதனைகளில் போடுவது 4கே காட்சி. நான்கு மடங்கு புள்ளிகள். அதுவும் பல நேரங்களில் புதிய மிரர்லெஸ் கேமராவில் 10 பிட், 4:2:2 எச்.265இல் எடுத்தது. அது உண்மையிலேயே கனமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கனத்துக்கும் அவர்கள் பரிந்துரைக்கும் மருந்து பொருந்தவில்லை என்பதுதான் வேடிக்கை. 4:2:2 எச்.265ஐ விரிக்கும் சுற்று இன்டெலின் 11ஆம் தலைமுறை பிராசஸர்களிலேயே உண்டு. என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் கிடையாது, 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். ஆக, இந்த ஒரு வேலையில் மட்டும் பார்த்தால், லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய ஆபீஸ் லேப்டாப்பின் உள் கிராஃபிக்ஸ் அதைச் செய்து முடிக்கும். கேமரா எது என்று கேட்காமல் லேப்டாப் சொல்வது ஏன் தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அவர்கள் அளக்கும் விஷயமே தப்பு என்பது என் அடுத்த குறை. ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை எக்ஸ்போர்ட் செய்ய எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு பட்டைப்படம் போடுகிறார்கள். எக்ஸ்போர்ட் என்பது வேலை எல்லாம் முடிந்தபின் பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கப் போகிற நேரம். அது ஒரு மணி நேரம் ஆனால் என்ன, மூன்று மணி நேரம் ஆனால் என்ன? எடிட்டரின் உயிர் போவது பகலில், வெட்டும் இடத்தைத் தேடும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதில். அதை யாரும் அளந்து பட்டைப்படம் போடுவதில்லை, ஏனென்றால் அளப்பது கஷ்டம். சினிபெஞ்ச் எண்ணைப் போடுவது சுலபம், ஆனால் அது முப்பரிமாண உருவங்களை ரெண்டர் செய்யும் வேகத்தை அளக்கிறது. கூத்து வீடியோ வெட்டுவதற்கும் அதற்கும் தூரத்து உறவுதான்.

எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதும் நியாயமில்லை. நோட்புக்செக் மாதிரியான தளங்கள் திரையின் வண்ணப் பரப்பு, வெளிச்சம், சூடு, விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து போடுகின்றன. நான் அவற்றை நம்புகிறேன். சிக்கல் என்னவென்றால், நம்மூரில் விற்கும் மாடலில் திரை வேறாக இருக்கும். ஒரே பெயர், உள்ளே வேறு பலகம். விலைப்பட்டியலில் ஒரு மூலையில் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கிறதா பாருங்கள். என்டிஎஸ்சி என்பது 1953ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி வண்ண அளவுகோல். அதில் 45 சதவீதம் என்றால், எச்டி வீடியோவுக்கான ரெக்.709 வண்ணப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குகூடச் சரியாகத் தெரியாது என்று அர்த்தம். கூத்துக் கலைஞர் முகத்தில் பூசிய சிவப்பு அரிதாரம் செங்கல் நிறமாகத் தெரியும். நீங்கள் அதைச் 'சரி' செய்வீர்கள். பிறகு நல்ல டிவியில் பார்த்தால் முகம் பற்றி எரியும். 55,000 ரூபாய்க்குள் வரும் லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் திரைதான் என்பது நான் கடை கடையாகப் பார்த்ததில் தெரிந்தது. இதற்கு லேப்டாப்புக்குள்ளேயே தீர்வு தேட வேண்டாம். வெட்டுவதை அந்தத் திரையில் வெட்டுங்கள், வண்ணத்தை மட்டும் வேறு நல்ல மானிட்டரில் பாருங்கள்.

பிராசஸர் பெயர்களைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். ஐ5-1235யு என்பதற்கு 10 கோர். ஐ5-12450எச் என்பதற்கு 8 கோர். கடைக்காரர் பத்துதான் பெரிசு என்பார். ஆனால் அந்தப் பத்தில் முழு வேகக் கோர்கள் இரண்டுதான், மீதி எட்டும் சிக்கனக் கோர்கள். எட்டில் முழு வேகம் நான்கு. முன்னதன் அடிப்படை மின்சாரம் 15 வாட், பின்னதற்கு 45. நீண்ட நேரம் உழைக்கும் வேலையில் எட்டு பத்தை வெல்லும். ஏஎம்டி இன்னும் ஒரு படி மேலே போனது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. முதலாவது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பில் 4 கோர், இரண்டாவது ஜென் 3இல் 6 கோர். 'ரைசன் 5, 7000 வரிசை' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்த வித்தியாசத்தை மூன்றாவது இலக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கம்தான் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்பதால் பலரும் முதலாவதில் போய் விழுகிறார்கள்.

ராம் விஷயத்திலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. 16 ஜிபி வேண்டும் என்று எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். அது ஒரே துண்டா, இரண்டு 8 ஜிபி துண்டுகளா என்று மட்டும் சொல்வதில்லை. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4-3200 ஒரு பாதையில் போனால் நொடிக்கு 25.6 ஜிகாபைட், இரண்டு பாதையில் போனால் 51.2. இன்டெலே இதை ஒப்புக்கொள்கிறது. 11, 12ஆம் தலைமுறைகளில் ராம் ஒற்றைப் பாதையில் இருந்தால் விண்டோஸில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற பெயர் மறைந்து வெறும் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்று காட்டும். சிப் அதேதான், பெயரைப் பிடுங்கிவிடுவார்கள்! இரண்டாவது துண்டு வாங்கிப் போடும் செலவு, கேமிங் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அதற்குக் காலி ஸ்லாட் வேண்டும். மெல்லிய லேப்டாப்புகளில் ராமைப் பலகையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். வாங்குமுன் இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை என்கிறேனா? இல்லை. டாவின்சி ரிசால்வில் வண்ணம் போடுவதுதான் உங்கள் தொழில் என்றால் கார்டு வேண்டும், அந்த மென்பொருள் அதன் மேல்தான் நிற்கிறது. இரவுக் காட்சியில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்க வேண்டும் என்றாலும் வேண்டும். ஆனால் ரிசால்வின் இரைச்சல் நீக்கம் இலவசப் பதிப்பில் இல்லை, 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பில்தான். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நண்பர் ஆரம்பத்தில் இதைத்தான் ரொம்பக் கேட்டார். கூத்துக்களத்து வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கருத்து. துடைத்தால் அரிதாரத்தின் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும், முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். கார்டு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அதன் பெயரோடு வாட்டையும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வருகிறது, 80 வாட்டிலும் வருகிறது. இரண்டும் ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர்.

இனி, விமர்சனங்கள் ஒரு வரியில் கடந்துபோகிற ஒன்று: ப்ராக்ஸி. மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, அதிலிருந்து சிறிய, எளிதில் விரியும் நகலை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். 960க்கு 540 என்றால் புள்ளிகள் நான்கில் ஒன்றுதான். ஒவ்வொரு படமும் தனித்தனி முழுப்படமாக இருக்கும் கோடெக்கில் நகலெடுத்தால் அண்ணாச்சி ஒன்றாம் தேதிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. நகலை வைத்து வெட்டலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலும் இது உண்டு.

இதை ஏழைகளின் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். கோடம்பாக்கத்தில் ஃபிலிமில் படம் எடுத்த காலம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. நெகட்டிவை எடிட்டர் தொடவே மாட்டார், அது லேபில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் மூவியோலாவிலும் ஸ்டீன்பெக்கிலும் போட்டு வெட்டினார்கள், கீறல் விழுந்தாலும் கவலையில்லை. எல்லாம் முடிவானபின், ஃபிலிம் ஓரத்து எண்களைப் பார்த்து நெகட்டிவ் கட்டர் மூலத்தை வெட்டுவார். 1989இல் ஆவிட் வந்தபோதும் ஹார்டு டிஸ்கின் விலை காரணமாக மங்கலான நகலை வைத்துத்தான் எடிட் செய்தார்கள். பெரிய படங்களே ரஷ் பிரிண்டில் உருவானபோது, 24 மெகாபிட் எச்டியை நேரடியாக டைம்லைனில் போட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அடம்பிடிப்பது புதுப் பழக்கம்.

நண்பருக்கு என்ன வாங்கினோம் என்று கேட்பீர்கள். ரெஃபர்பிஷ்டு. கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்த லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 11ஆம் தலைமுறை ஐ5, இரண்டு ராம் ஸ்லாட், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒன்று, இன்னொரு 8 ஜிபி துண்டும் சேர்த்து 32,000 ரூபாய். பேட்டரியின் நிலையை விண்டோஸிலேயே அறிக்கை எடுத்துப் பார்த்தோம், பரவாயில்லை. 8ஆம் தலைமுறைக்கு முந்தையதை மட்டும் தொடாதீர்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அவற்றில் ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போடலாம், நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்பைத் திறக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நாங்கள் செய்த ஒரே சோதனை, நண்பரின் சொந்தப் பதிவில் பத்து நிமிடத்தை, இரண்டு கேமராவிலிருந்தும், பென்டிரைவில் கொண்டுபோனது. முதல் இரண்டு கடைகளில் "அதெல்லாம் போட்டுப் பாக்க முடியாது சார்" என்றார்கள். மூன்றாவது கடைப் பையன் ஆர்வமாகி அவனே ஷாட்கட்டை இறக்கிக் கொடுத்தான். இரண்டு காட்சிகளையும் மேலும் கீழும் போட்டு, முன்னே பின்னே இழுத்து, அரை மணி நேரம் பார்த்தோம். ப்ராக்ஸி இல்லாமலேயே ஓடியது. நடுவில் அடவு ஒன்று வந்ததும் பையன் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

மிச்சம் 23,000. இதைப் பற்றி ஒரு லேப்டாப் விமர்சனமும் பேசுவதில்லை. நொடிக்கு 24 மெகாபிட் என்றால் மணிக்கு 10.8 ஜிகாபைட். எட்டு மணி நேரக் கூத்து 86 ஜிகாபைட். இரண்டு கேமரா 173. 512 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டு இரவு வைக்கலாம், மூன்றாவது இரவுக்கு இடமில்லை. ஆகவே 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, முதல் வேலையாக அந்த ஒற்றை டிஸ்கில் இருந்ததை முழுவதும் நகலெடுத்தோம். ஒன்று அவர் வீட்டில், ஒன்று என் வீட்டு பீரோவில். நகலெடுக்க ஒன்றரை நாள் ஆனது. பழைய டிஸ்க் பெட்டியின் இணைப்பு யுஎஸ்பி 2.0, காகிதக் கணக்கிலேயே நொடிக்கு 60 மெகாபைட்டைத் தாண்டாது. மீதிப் பணத்தில் ஒரு 22 இஞ்ச் ஐபிஎஸ் மானிட்டர் வாங்கினோம். சிவப்பு இப்போது சிவப்பாகத் தெரிகிறது.

இப்போது நண்பர் முதல் இரவை வெட்டிக்கொண்டிருக்கிறார். லேப்டாப் படுத்தவில்லை, படுத்துவது வேறு ஒன்று. இரண்டு கேமராக்களின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றுபோல ஓடுவதில்லை. இரவு பத்து மணிக்குக் கைதட்டல் ஒன்றை வைத்துப் பொருத்தினால், விடியற்காலையில் மிருதங்கம் ஒரு கேமராவில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் கேட்கிறது. சாதாரணக் கருவிகள் என்பதால் இந்த நழுவல். ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை வெட்டி மறுபடி பொருத்தச் சொல்லியிருக்கிறேன். செல்போனில் எடுத்த துண்டுகளும் இடையில் சேர்வதால் தொல்லை இரட்டிப்பு, போன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. அந்தத் துண்டுகளை ஹேண்ட்பிரேக்கில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் வைக்க வேண்டும். ஒலியைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.